காஸ்டிக் சோடாவில் கறுத்துப்போன கிளட்ச் கவரும், இன்னும் கழுவாத மற்ற அலுமினியப் பாகங்களும்

கேள்வி: ஞாயிறு மெக்கானிக்

அனைவருக்கும் வணக்கம். என் தந்தை 1991-ஆம் ஆண்டு வாங்கிய யமஹா ஆர்எக்ஸ் 100 வண்டியின் இன்ஜினை வீட்டிலேயே பிரித்து, சுத்தம் செய்து, மறுபடி கோர்க்கும் வேலையில் இரண்டு மாதங்களாக இறங்கியிருக்கிறேன். வீட்டின் பின்புறம் துவைகல்லை ஒட்டிப் போட்ட தகரக் கொட்டகைதான் என் பட்டறை. ஒரு வைஸ், ஒரு கை டிரில், ஸ்பேனர் செட், பழைய குக்கர் அடுப்பு ஆகியவற்றைத் தவிர வேறு வசதி எதுவும் இல்லை. கம்ப்ரஸரும் இல்லை.

வண்டி ஏழு ஆண்டுகள் மாடிப்படிக்குக் கீழே ஓடாமல் நின்றிருந்தது. பாகங்களில் இருக்கும் அழுக்கு ஒரே வகையாக இல்லை. இடப்பக்கம் முன் ஸ்பிராக்கெட்டைச் சுற்றிச் செயின் கிரீஸும் சாலைப் புழுதியும் சேர்ந்து, விரல் தடிமனுக்குக் கருப்பட்டிபோல் இறுகிக் கிடக்கிறது. மேக்னெட் கவரின் வெளிப்புறத்தில் பூசியிருந்த வார்னிஷ் மஞ்சளித்து உரிந்து, உரிந்த இடங்களிலெல்லாம் சுண்ணாம்பு பூத்ததுபோல் வெள்ளைப் பொடி படர்ந்திருக்கிறது. ஹெட்டின் உட்புறத்திலும் பிஸ்டன் தலையிலும் கரி. கிராங்க் கேஸ் இணையும் முகங்களில் பழைய கேஸ்கெட்டும் (இரு பாகங்களுக்கு நடுவே கசிவைத் தடுக்க வைக்கும் தாள்) காய்ந்த அனபாண்டு பசையும் ஒட்டிக்கொண்டு வர மறுக்கின்றன.

என் தவறை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். காஸ்டிக் சோடாவில் போட்டால் எல்லா எண்ணெய்ப் பிசுக்கும் கழன்றுவிடும் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, ஒரு பிளாஸ்டிக் வாளி வெந்நீரில் இரண்டு கைப்பிடி சோடாவைக் கரைத்து, கிளட்ச் கவரை அதில் அமிழ்த்தினேன். சில நிமிடங்களில் குலுக்கித் திறந்த கோலி சோடாபோல் தண்ணீர் பொங்கிற்று. தொண்டையைக் கமறும் நெடி எழுந்தது, வாளியின் வெளிப்புறத்தில் கை வைக்க முடியவில்லை. 20 நிமிடம் கழித்துக் கம்பியால் தூக்கிப் பார்த்தபோது பிசுக்கு போயிருந்தது, ஆனால் கவர் முழுவதும் தோசைக்கல் நிறத்துக்கு மாறியிருந்தது. விரலால் தேய்த்தால் பென்சில் கரிபோல் ஒட்டுகிறது, எவ்வளவு கழுவினாலும் மறுபடி ஒட்டுகிறது.

இந்தக் கவரைக் காப்பாற்ற முடியுமா? மீதமுள்ள பாகங்களை எதைக் கொண்டு, எந்த வரிசையில் சுத்தம் செய்வது? எங்கள் வீட்டில் ஆழ்குழாய்த் தண்ணீர்தான், உப்பு அதிகம். வீட்டில் சிறு குழந்தை இருப்பதால் ஆபத்தான ஆசிட் வகைகளைக் கொட்டகையில் வைக்க விரும்பவில்லை.

பதில் 1: கடைசல் பட்டறை

தம்பி, முதலில் கண்ணும் கையும் தப்பித்ததற்கு மகிழ்ச்சி. சூடான காஸ்டிக் கரைசல் ஒரு துளி கண்ணில் தெறித்திருந்தால் நீங்கள் இங்கே கவரைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டீர்கள்.

உங்கள் வாளியில் பொங்கியது அழுக்கு கழன்றதனால் அன்று. கவரே கரைந்துகொண்டிருந்தது. இரும்பைக் காஸ்டிக்கில் ஊறவைக்கலாம், பழைய பட்டறைகளில் இரும்புப் பாகங்களை அப்படித்தான் கொதிக்கவைத்துக் கழுவினார்கள். அந்தப் பழக்கத்தை அப்படியே அலுமினியத்துக்குச் சொல்லிவிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அலுமினியத்தைக் காரமும் தின்னும், வலுவான அமிலமும் தின்னும். மேலே ஒட்டியிருப்பது கரியும் அன்று. கவர் போன்ற வார்ப்புப் பாகங்கள் தனி அலுமினியத்தால் ஆனவை அல்ல. உருகிய உலோகத்தை அழுத்தி அச்சில் வார்க்கும் டை காஸ்டிங்கில் பரவலாகப் பயன்படும் ஏடிசி 12 என்ற கலவையில் நூற்றுக்கு 9.6 முதல் 12 பங்கு வரை சிலிக்கானும், 1.5 முதல் 3.5 பங்கு வரை செம்பும் இருக்கும். சோடா அலுமினியத்தை மட்டும் கரைத்து எடுத்துக்கொண்டு, தான் எளிதில் கரைக்க முடியாத சிலிக்கானையும் செம்பையும் மேலே பொடியாக விட்டுச் செல்கிறது. உங்கள் விரலில் ஒட்டுவது அதுதான். சமையல் பாத்திரம் கிட்டத்தட்டச் சுத்த அலுமினியம் என்பதால் காரத்தில் இவ்வளவு கறுக்காது.

20 நிமிடத்தில் கவர் ஓட்டையாகிவிடாது, காப்பாற்றலாம். நிறையத் தண்ணீரில் அலசிவிட்டு, எலுமிச்சை உப்பு என்று மளிகைக் கடையில் விற்கும் சிட்ரிக் அமிலத்தை லிட்டருக்கு 50 கிராம் வீதம் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, அதில் 10 நிமிடம் வையுங்கள். மூலை முடுக்கிலும் திருகுத் துளைகளிலும் தங்கியிருக்கும் காரம் அதில் முறிந்துவிடும். கறுப்பு அதனால் போகாது. அதைப் பாத்திரம் தேய்க்கும் சோப்பையும் பச்சை நாரையும் கொண்டு ஓடும் தண்ணீரில் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். கேஸ்கெட் உட்காரும் முகத்தை மட்டும் அந்த நாரால் தொடாதீர்கள், அங்கே நைலான் பிரஷ் போதும். முழுவதும் பழைய நிறம் வராது, ஒரு மங்கிய சாம்பல் நிறத்தில் நிற்கும்.

நிறத்தைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியவை இரண்டு. கிக் ஷாஃப்டைக் கவரின் துளையில் நுழைத்து ஆட்டிப் பாருங்கள், முன்பு இல்லாத ஆட்டம் இருந்தால் துளை அகன்றிருக்கிறது என்று பொருள். அந்த ஷாஃப்டின் ஆயில் சீலையும் புதிதாக ஒன்று வாங்கி அழுத்திப் பாருங்கள், கையால் தள்ளியதும் உள்ளே போய்விட்டால் நல்ல அறிகுறி இல்லை. அடுத்து, தடித்த கண்ணாடித் துண்டு ஒன்றின் மேல் 400 எண் தண்ணீர் உப்புத்தாளை விரித்து, கவரின் கேஸ்கெட் முகத்தில் மார்க்கர் பேனாவால் குறுக்குக் கோடுகள் போட்டு, முகத்தைக் கீழாக வைத்து எட்டு வடிவில் நாலு முறை மெதுவாகத் தேயுங்கள். கோடு அழியாமல் நிற்கும் இடம் பள்ளம். ஒரே சீராக அழிந்தால் கவலையில்லை.

மற்ற பாகங்களுக்கு வருவோம். எண்ணெய் அழுக்கு முழுவதும் போகும்வரை தண்ணீரோ அமிலமோ பக்கத்தில் வரக்கூடாது. ஸ்பிராக்கெட் பக்கத்துக் கருப்பட்டியை முதலில் கத்தியால் தோண்டாதீர்கள். மூங்கில் சிம்பு ஒன்றை உளிபோல் சீவிக்கொண்டு, அதனால் கட்டி கட்டியாகப் பெயர்த்தெடுங்கள். மூங்கில் அலுமினியத்தைக் கீறாது, மூலைகளுக்குள்ளும் போகும். பெயர்ந்தது போக மீதியை அகலமான தட்டில் டீசல் ஊற்றி ஓரிரவு ஊறவிடுங்கள். மண்ணெண்ணெய் கிடைத்தால் அது இன்னும் நல்லது, ஆனால் இப்போது யாரிடம் இருக்கிறது? பெட்ரோலில் மட்டும் கழுவாதீர்கள். பெட்ரோல் பனி உறையும் குளிரிலும் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடக்கூடியது, அந்த ஆவி காற்றைவிடக் கனமாகத் தரையோடு தவழ்ந்து உங்கள் குக்கர் அடுப்புவரை போகும். டீசலும் மண்ணெண்ணெயும் சுமார் 35 டிகிரிக்கு மேல் சூடானால்தான் அந்த நிலைக்கு வரும். நம் சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் அதுவும் வெகு தூரத்தில் இல்லை என்பதால் நிழலிலும் காற்றோட்டத்திலும் வேலை செய்யுங்கள்.

ஊறிய பிறகு பெயிண்ட் பிரஷ்ஷின் முடியைப் பாதியாக வெட்டிக்கொண்டு அதனால் தேய்த்தால் பெரும்பாலும் வந்துவிடும். வராத இடத்தில் பித்தளை பிரஷ். சாதாரண இரும்பு வயர் பிரஷ் வேண்டாம். அதிலிருந்து உடையும் துகள்கள் மெத்தென்ற அலுமினியத்தில் புதைந்து, அடுத்த மழைக்காலத்தில் பழுப்புப் புள்ளிகளாகத் துருப்பிடித்து வெளியே வரும். பனியன் வேஸ்டால் டீசலைத் துடைத்து, பாத்திரம் கழுவும் திரவ சோப்பும் வெந்நீரும் கொண்டு கழுவி, உடனே துடைத்து வெயிலில் காயவிடுங்கள். உப்புத் தண்ணீர் என்கிறீர்கள். கடைசி அலசலுக்கு மட்டும் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் இரண்டு லிட்டர் வாங்கிக்கொண்டால் வெள்ளைத் திட்டு படியாது. கழுவிய டீசலைச் சாக்கடையில் ஊற்றிவிடாமல் ஒரு கேனில் ஊற்றி இரண்டு நாள் தெளியவிட்டால், மேலே நிற்பதை மறுபடியும் பயன்படுத்தலாம்.

மேக்னெட் கவரின் வெள்ளைப் பொடியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதை நீங்கள் அழுக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். அது அழுக்கு அன்று, கவரின் உலோகமே ஈரத்தோடு சேர்ந்து பொடியாக மாறியிருக்கிறது. பொடியை எடுக்கலாம். அடியில் இருக்கும் அம்மைத் தழும்பு போன்ற குழிகளை எந்தத் திரவமும் நிரப்பாது. கடையில் விற்கும் எந்தக் குப்பியை வாங்கும் முன்பும் இதை நினைவில் வைத்துக்கொண்டால் பாதிப் பணம் மிச்சம்.

பதில் 2: வேதியியல் ஆசிரியை

மேலே ஐயா எழுதியதற்கு வேதியியல் பக்கமிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன்.

வாளியில் எழுந்தது ஹைட்ரஜன் வாயு. 1 கிராம் அலுமினியம் காஸ்டிக்கில் கரைந்தால் ஏறத்தாழ 1.2 லிட்டர் ஹைட்ரஜன் வெளிவரும், பத்து கிராம் கரைந்தால் ஒரு பெரிய வாளி நிறையும். ஹைட்ரஜனுக்கு வாசனை கிடையாது. உங்கள் தொண்டையைக் கமறியது குமிழ்கள் வெடிக்கும்போது மேலே தூக்கிவரும் காஸ்டிக் திவலை. திறந்த கொட்டகையாக இருந்ததால் வாயு கலைந்துவிட்டது. மூடிய குளியலறையில் இதைச் செய்து, பக்கத்தில் ஒரு தீக்குச்சி கிழித்திருந்தால் கதை வேறு.

அலுமினியத்தின் மேல் இயற்கையாக ஓர் ஆக்சைடு படலம் இருக்கிறது. சில நானோமீட்டர் தடிமன் மட்டுமே உள்ள அந்தப் படலம்தான் உலோகத்தைக் காக்கிறது. அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு சுமார் 4 முதல் 8.5 வரை உள்ள நீரில் அது பெரும்பாலும் கலையாமல் இருக்கும், அதற்கு இருபுறமும் கரையத் தொடங்கும். காஸ்டிக் சோடாவை ஒதுக்கினால் மட்டும் போதாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். சலவைச் சோடாக் கரைசலின் பிஎச் 11-ஐ ஒட்டி இருக்கும், துணி துவைக்கும் பவுடர்கள் பலவற்றிலும் அந்தச் சோடா உண்டு. ஒரு நிமிடத்தில் தேய்த்துக் கழுவுவதில் தீங்கில்லை, இரவு முழுவதும் ஊறவைத்தால் காலையில் பாகம் மங்கிப்போயிருக்கும். அடுப்புச் சாம்பலும் இதே இனந்தான். சமையல் சோடா மட்டும் மிதமானது, அதைக் குழைத்துத் தேய்க்கலாம்.

அமிலத்தின் பக்கம் வந்தால், நம் சமையலறையிலேயே பாடம் இருக்கிறது. குக்கரில் வெறும் தண்ணீர் ஊற்றிப் பருப்பு வைத்தால் அடிப்பக்கம் கறுத்துவிடும் என்று, அந்தத் தண்ணீரில் ஒரு கொட்டைப் புளியோ பிழிந்த எலுமிச்சைத் தோலோ போடுகிறோம் அல்லவா? உப்புத் தண்ணீர் கொதிக்கும்போது அலுமினியத்தில் படியும் கறுப்புப் படலத்தைப் புளியின் டார்டாரிக் அமிலமும் எலுமிச்சையின் சிட்ரிக் அமிலமும் படியவிடாமல் செய்கின்றன, படிந்திருந்தால் கரைக்கின்றன. லேசாக மங்கிய பாகங்களுக்கு இதே வித்தை போதும். ஆனால் பழம்புளியைப் பயன்படுத்தாதீர்கள். வீடுகளில் புளியை உப்புப் போட்டு அடைத்து வைப்பார்கள், அந்த உப்பின் குளோரைடு அலுமினியத்தில் ஊசிக்குத்துப் போலக் குழி பறிக்கும். பித்தளை விளக்குக்குப் புளியும் உப்பும் சேர்த்துத் தேய்க்கும் கைப்பழக்கத்தை இங்கே கொண்டுவரவே கூடாது. கழிவறை கழுவும் ஆசிட் ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்பதால் அதற்கும் இதே தடை பொருந்தும். அதை எலுமிச்சை உப்புக்கு மாற்றாக நினைத்துவிட வேண்டாம்.

லாரிச் சக்கரங்களையும் அலுமினிய உடல்களையும் நொடியில் பளிச்சிடச் செய்யும் சில திரவங்களில் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் இருக்கும். தோலில் பட்டால் முதலில் வலி தெரியாமல்கூட இருக்கலாம், ஆனால் அது உள்ளே இறங்கி உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும், உயிருக்கே ஆபத்து. பெயர்ச்சீட்டு இல்லாமல் கேனில் அளந்து விற்பதை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். குழந்தை இருக்கும் வீட்டுக்கு இதை இரண்டு முறை சொல்லலாம்.

ஞாயிறு மெக்கானிக்

இருவருக்கும் மிக்க நன்றி. கவரைச் சொன்னபடி எலுமிச்சை உப்புக் கரைசலில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன், ஒவ்வொரு தேய்ப்பிலும் சாக்கடை நிறத்தில் தண்ணீர் போகிறது. கிக் ஷாஃப்டில் ஆட்டம் இல்லை.

கார்பரேட்டரையும் இதே கரைசலில் போடலாமா என்று தெரிந்தால் நல்லது. நண்பர் ஒருவரிடம் மூக்குக் கண்ணாடி கழுவும் சிறிய அல்ட்ராசானிக் கருவி இருக்கிறது. கிராங்க் கேஸைக் கண்ணாடி மணி பிளாஸ்டிங்குக்குக் (நுண்ணிய கண்ணாடி மணிகளைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சிச் சுத்தம் செய்வது) கொடுத்துவிடு, ஒரே மணி நேரத்தில் புதிதாகிவிடும் என்றும் ஒருவர் சொல்கிறார். இந்த முறை கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன்.

பதில் 3: இரண்டு ஸ்ட்ரோக் பித்து

கார்பரேட்டரை அந்தக் கரைசலில் போடுவதற்கு முன் கையில் எடுத்துக் கனம் பாருங்கள். பார்வைக்கு அலுமினியம் போலிருக்கும் பல கார்பரேட்டர் உடல்கள் துத்தநாகக் கலவையில் வார்த்தவை. அளவு ஒன்றாக இருந்தால் துத்தநாகம் அலுமினியத்தைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனக்கும். துத்தநாகத்தை எலுமிச்சை உப்பு மிக விரைவாக அரித்துக் கறுக்க வைத்துவிடும், சிறு துளைகளின் அளவும் மாறக்கூடும். எது என்று உறுதியாகத் தெரியாவிட்டால் அமிலமே வேண்டாம். கடையில் கிடைக்கும் கார்பரேட்டர் கிளீனர் ஸ்பிரேயும் மெல்லிய நைலான் இழையும் போதும். ரப்பர் வளையங்களையும் மிதவையையும் கழற்றிய பிறகே ஸ்பிரே அடியுங்கள். ஜெட்டுகளுக்குள் கம்பி விடாதீர்கள். அவை பித்தளை, மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு அகன்றாலும் வண்டி பெட்ரோல் குடிக்கத் தொடங்கும்.

அல்ட்ராசானிக் கருவி கார்பரேட்டருக்கென்றே பிறந்தது எனலாம். வினாடிக்கு 40,000 முறை அதிரும் தண்ணீரில் நுண்ணிய குமிழ்கள் தோன்றி உடைந்து, பிரஷ் நுழையாத துளைகளுக்குள்ளும் போய்ச் சுரண்டும். 50 டிகிரி சூட்டில், தண்ணீரில் சில துளி பாத்திர சோப்பு விட்டு, ஐந்து ஐந்து நிமிடமாக ஓட்டி, நடுவே எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். மறந்து போய் அரைமணி நேரம் விட்டால் அலுமினியத்தின் மேற்பரப்பையே அது கொறிக்கும். மெல்லிய அலுமினியத் தாளை உள்ளே தொங்கவிட்டுக் கருவி வேலை செய்கிறதா என்று சோதிப்பார்கள், ஒரு நிமிடத்தில் தாள் சல்லடையாகிவிடும் என்பதிலிருந்து அதன் பல்லைப் புரிந்துகொள்ளலாம். தொட்டியில் பெட்ரோல் ஊற்ற வேண்டாம் என்று தனியாகச் சொல்லவும் வேண்டுமா என்று தயங்கினேன், ஊற்றியவரைப் பார்த்திருப்பதால் சொல்கிறேன்.

பிளாஸ்டிங் விஷயத்தில் என் சொந்த நஷ்டத்தை எழுதுகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் என் வண்டியின் கிராங்க் கேஸைக் கண்ணாடி மணி அடித்து வாங்கி வந்தேன். வெள்ளிப் பனி படர்ந்ததுபோல் அத்தனை அழகு. பிளாஸ்டிங் செய்தவர் நன்றாகக் கழுவு என்று சொல்லித்தான் கொடுத்தார். நான் ஒருமுறை தண்ணீர் பீய்ச்சிவிட்டுக் கோர்த்துவிட்டேன். கொடுப்பதற்கு முன்பு ஒரு முட்டுத் துளையில் (மறுபக்கம் திறக்காத துளை) எண்ணெய்ப் பிசுக்கை விட்டிருந்தேன் போலிருக்கிறது, ரவையைவிட நுண்ணிய அந்த மணிகள் அதில் சந்தனம்போல் ஒட்டிக்கொண்டிருந்திருக்கின்றன. சுமார் 300 கிலோமீட்டர் ஓடியதும் கிராங்க் பேரிங்கில் காபிக்கொட்டை அரைப்பது போன்ற சத்தம். பிரித்துப் பார்த்தபோது குண்டுகள் ஓடும் பாதை முழுவதும் பொடிப்பொடியாகத் தழும்பு. பேரிங், சீல், கேஸ்கெட், என் தூக்கம் எல்லாம் போயின.

ஆகவே என் கருத்து இது: பேரிங்கும் எண்ணெயும் இருக்கும் பாகத்துக்குப் பிளாஸ்டிங் வேண்டாம். அழகு வேண்டும் என்றால் மேக்னெட் கவர், ஹெட்டின் வெளிப்புற விசிறிகள் ஆகியவற்றுக்கு மட்டும் கொடுங்கள். அதிலும் ஸ்பார்க் பிளக் துளையைப் பழைய பிளக் ஒன்றைத் திருகியும், கேஸ்கெட் முகத்தைத் தடித்த டேப் ஒட்டியும் மூடிக் கொடுங்கள். திரும்பி வந்ததும் குழந்தையின் பால் பாட்டில் கழுவும் பிரஷ் ஒன்றைத் தனியாக வாங்கி, ஒவ்வொரு துளையையும் சூடான சோப்புத் தண்ணீரில் கழுவி, கம்ப்ரஸர் இல்லாததால் சைக்கிள் பம்ப்பால் ஊதி, காது குடையும் பஞ்சுக் குச்சியால் துடைத்துப் பாருங்கள். குச்சியின் நுனியை விரல் நகத்தில் தேய்க்கும்போது நறநறவென்றால் மறுபடி முதலிலிருந்து.

பிஸ்டன் தலைக் கரிக்கு அவசரம் வேண்டாம். கார்பரேட்டர் கிளீனரில் நனைத்த துணியைத் தலைமேல் ஓரிரவு போட்டு வைத்தால் கரி இளகும், பழைய பிளாஸ்டிக் ஸ்கேலின் விளிம்பால் சுரண்டி எடுக்கலாம். ரிங் காடிக்குள் உடைந்த பழைய ரிங் துண்டை நுழைத்து, கரியை மட்டும் வழித்தெடுங்கள், காடியின் சுவரில் அழுத்தாதீர்கள். பக்கவாட்டுச் சுவரை உப்புத்தாளால் தொடவே வேண்டாம். கரியை எரித்துவிடலாம் என்று கேஸ் டார்ச்சைக் கையில் எடுப்பவர்களும் உண்டு. இரும்பு சிவந்து எச்சரிக்கும், அலுமினியம் நிறம் மாறாமலே வலுவிழந்து, சுத்த அலுமினியம் உருகும் 660 டிகிரியை எட்டும் முன்பே பிஸ்டன் கலவை திடீரென்று இளகிவிழும்.

பதில் 4: மினுமினுப்பு

எல்லோரும் இவ்வளவு பயமுறுத்துகிறீர்களே! மேக்னெட் கவரின் வார்னிஷைப் பெயிண்ட் ரிமூவரால் எடுத்துவிட்டு, 220, 400, 800 என்று உப்புத்தாளை ஏற்றிக்கொண்டே போய், கை டிரில்லில் துணி பஃப் (மெருகூட்டும் துணிச் சக்கரம்) மாட்டிப் பாலிஷ் சோப் போட்டால் முகம் பார்க்கலாம். வெள்ளைப் பொடியின் குழியும் அதில் பெரும்பாலும் மறைந்துவிடும். நான் என் வண்டிக்கு அப்படித்தான் செய்தேன், தெருவே நின்று பார்க்கிறது.

பதில் 5: கடைசல் பட்டறை

பஃப் போடுவதை நான் குறை சொல்லவில்லை. தெரிந்தே செய்ய வேண்டும் என்கிறேன். குழி மறைவது எப்படி? குழியின் ஆழத்துக்குச் சுற்றியுள்ள உலோகத்தை நீங்கள் தேய்த்து இறக்கியதால்தான். வார்ப்பின் மேல்தோல் போனபின் உள்ளே இருக்கும் ஊசித்துளைகள் சில சமயம் வெளியே வரும், அவற்றைத் தேய்க்கத் தேய்க்க இன்னும் வரும். கூர்மையான விளிம்புகளும் கவரில் உள்ள எழுத்துகளும் மழுங்கிப்போகும். வார்னிஷ் இல்லாத பளபளப்பு கடற்கரை ஊரில் ஒரு மாதம் நிற்காது, உள்நாட்டில் ஒரு மழைக்காலம் நிற்கும். ஞாயிறுதோறும் உட்கார்ந்து தேய்க்கப் பிரியப்படுகிறவருக்கு அது சரி. எனக்கு வார்ப்பின் இயல்பான மங்கல்தான் பிடிக்கும், அது கண்ணுக்கும் உறுத்தாது.

தூசியைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். இரும்பு தேய்க்கும் கிரைண்டரிலேயே அலுமினியத்தையும் தேய்த்து, இரண்டின் தூளையும் ஒரே மூலையில் குவித்து வைக்காதீர்கள். துருத்தூளும் அலுமினியத் தூளும் கலந்தால் ரயில் தண்டவாளத்தை ஒட்டவைக்கப் பயன்படும் தெர்மைட் கலவையின் சேர்மானம் அது. ஒரு பொறி பட்டால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது. மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள், தூளை அன்றன்றைக்கே பெருக்கி அகற்றுங்கள்.

ஞாயிறு மெக்கானிக்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். கிளட்ச் கவர் நான்கு மாலைகளின் தேய்ப்பில் ஈயப் பாத்திரத்தின் சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது. கண்ணாடியில் மார்க்கர் கோடு போட்டுப் பார்த்ததில் கீழ்ப்பக்கத் திருகு ஒன்றின் அருகே நகத்தளவு இடத்தில் மட்டும் கோடு அழியாமல் நின்றது. மேலும் சில முறை தேய்த்ததும் அதுவும் அழிந்தது. ஆயில் சீல் கைக்கு அசையவில்லை, மரக்கட்டை வைத்துச் சுத்தியலால் தட்டித்தான் உட்கார்ந்தது.

கார்பரேட்டர் கனமாகத்தான் இருந்தது, எனவே அமிலத்தின் பக்கமே கொண்டுபோகவில்லை. நண்பரின் கருவியில் நான்கு முறை ஓட்டியதில் தொட்டியின் அடியில் தேயிலைத்தூள்போல் ஒரு படிவு சேர்ந்தது. ஸ்பிராக்கெட் பக்கத்துக் கருப்பட்டியை மூங்கில் சிம்பால் பெயர்த்தபோது அதற்குள்ளிருந்து ஒரு திருகும், என் தந்தை பல ஆண்டுகளுக்கு முன் தேடித் தேடி அலுத்துப்போன அரை அங்குல வாஷர் ஒன்றும் கிடைத்தன. கிராங்க் கேஸை பிளாஸ்டிங்குக்குக் கொடுக்கவில்லை. மேக்னெட் கவரின் வெள்ளைப் பொடியை மட்டும் எடுத்துவிட்டு, குழிகளோடு அப்படியே விட்டுவிட்டேன். தந்தையும் அப்படியே இருக்கட்டும் என்றார்.

நேற்று கவரைப் புது கேஸ்கெட்டோடு மாட்டி, கியர் ஆயில் ஊற்றி, அடியில் செய்தித்தாள் விரித்து வைத்தேன். இன்று காலை பார்த்தபோது தாளில் எட்டணா அளவுக்கு ஒரே ஒரு எண்ணெய்ப் பொட்டு இருந்தது. அது கவரிலிருந்து வரவில்லை, வடிகால் போல்ட்டுக்குச் செம்பு வாஷர் போட மறந்திருந்தேன்.